மேசையை உடைத்த மந்திரி

தலைநகர்,
ஜூன் 4

அன்பு மருமகளுக்கு,

யாரும் நம்பாத கதையைத் தவிர வேறெதையும் எழுத மாட்டேன் என்று ஆணையிட்டு இக்கடிதத்தைத் தொடங்குகிறேன். நீ நம்ப மாட்டாய். உன் அம்மாவும் நம்ப மாட்டாள். என் அக்கா எதைத்தான் நம்பினாள்?

நேற்று சபையில் நீ பார்வையாளர் மாடத்தில் இருந்ததைப் பார்த்தேன். நீ நர்ஸாக இருக்கும் நம் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை ஏன் மூடுகிறீர்கள் என்று எதிர்க்கட்சி கேட்டது. "இது அமைச்சரவையின் முடிவு. இதில் எனக்கும் பங்கு உண்டு" என்று எழுந்து சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் உன் நாற்காலி காலி. வாசல் காவலரிடம் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது: "நிஜமாவே ஒத்துக்கிட்டீங்களா மாமா?"

அமைச்சரவை அறையில் யார் என்ன பேசினார் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. பதவியேற்கும்போதே சத்தியம் வாங்கிவிடுகிறார்கள். உள்ளே அடித்துக்கொண்டாலும் வெளியே எல்லாருக்கும் ஒரே வாய். பிடிக்காதவன் ராஜினாமா செய்துவிட்டுத்தான் பேசலாம். ஆகையால் இது வெறும் கதை.

ஒரு மந்திரி இருந்தான். கடலே இல்லாத ஊரிலிருந்து போய் மீன்வளத்துறையைப் பிடித்தவன். அந்த அறையின் மேசை எவ்வளவு நீளமென்றால், அந்தக் கோடியில் நிதியமைச்சர் தும்மினால் இந்தக் கோடியில் மறுநாள்தான் கேட்கும். வார்டை மூடலாம் என்று சுகாதார மந்திரி வாயெடுத்ததும் நம் ஆள் எழுந்தான். ஓங்கி ஒரு குத்து! மேசை இரண்டாகப் பிளந்தது. மின்விசிறிகள் பயந்துபோய் எதிர்ப்பக்கம் சுற்றின. பிரதமர் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யோவ், யாராவது அந்த ஆளை உட்கார வைங்கய்யா!" என்று அலறினார். என்ன செய்ய, அவன் ஒருவன். எதிரே ஒரு பட்டாளம். தோற்றான்.

இப்படிக்கு,
மூவுலகத்து மீன்களும் அஞ்சி நடுங்கும்
உன் மாமா


ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பொறக்கும்போதே புளுகிக்கிட்டுப் பொறந்தவன்" என்றாள். ஆனாலும் மேசை பிளந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இங்கே நிலைமை சிரிக்கும்படி இல்லை. பிரசவக் கட்டில்களைக் கழற்றி வராந்தாவில் சாய்த்து வைத்துவிட்டார்கள். வலியோடு வருகிறவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். போன வாரம் வண்டியிலேயே ஒரு பிரசவம் பார்த்தேன். டிரைவர்தான் முதலில் அழுதார். குழந்தை அழ ரொம்ப நேரமானது.

மருந்துக்கடைக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார், "உங்க மாமா அங்க மீனுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு இருக்காரா?" எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா உள்ள தனி ஆளா நின்னு சண்டை போட்டவரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டேன். வார்டு முன்னால் நடந்த கூட்டத்திலும் அதையே மைக்கில் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள், மாமா.

அடுத்த புதன்கிழமை சபையில் இதன்மேல் விவாதமாம். விலகிவிட்டால் பேசலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விலகிப் பேசுங்கள். ஒரு மந்திரியே எழுந்து சொன்னால் சுகாதார மந்திரி பதில் சொல்லாமல் தப்ப முடியாது. பேசுவீர்கள்தானே?

உங்கள் மருமகள்


ஜூன் 14

மாமா,

பதிலே இல்லை. போன் செய்தால் உங்கள் உதவியாளர், "அமைச்சர் கூட்டத்துல இருக்காரும்மா" என்கிறார். விடிந்தால் அடைந்தால் கூட்டமா?

எனக்குக் கோபம் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. புதன்கிழமை ஊரே டிவி முன்னால் உட்காரப்போகிறது. ஒரு வரி எழுதுங்கள்.

மருமகள்


ஜூன் 16

அன்பு மருமகளே,

உதவியாளரைத் திட்டாதே. அது நான் சொல்லச் சொன்ன பொய். அறையில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ராஜினாமாக் கடிதம் எழுதி எழுதிக் கிழித்ததில் குப்பை கூரையை முட்டிவிட்டது. பெருக்க வந்த அம்மாள் ஏணி கேட்டார். 'இம்முடிவை எதிர்த்தேன், ஆகவே விலகுகிறேன்' என்ற வரியில் வந்து வந்து பேனா நின்றுவிடுகிறது.

சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன். அந்த அறையில் ஓட்டெடுப்பு கிடையாது. பிரதமர் எல்லார் முகத்தையும் பார்ப்பார், "வேற கருத்து இருக்கா?" என்பார். வாய் திறக்காதவர் சம்மதித்தவர். அன்று அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது. அது என் ஊர் என்று அவருக்குத் தெரியும். "என்ன, மீன்வளம்?" என்றார். மந்திரிசபையை மாற்றப்போகிறார்கள், எனக்குப் பெரிய துறை கிடைக்கும் என்று பேச்சு இருந்த நேரம். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

மைக்கில் என்னைப் பற்றிச் சொன்னதை இது கிடைத்ததுமே திருத்திச் சொல்லிவிடு. கைதட்டியவர்கள் என்னைத் திட்டட்டும். உன்னைப் பொய்க்காரி என்று ஒருவர் சொல்லக் கூடாது. புதன்கிழமை பதவியை விட்டுவிட்டு இதையே சபையில் சொல்லும் தைரியம் எனக்கு வருமா, தெரியவில்லை. வரும் என்று எழுதினால் அதுவும் கதையாகிவிடும்.

மேசை பிளக்கவில்லை. விசிறிகள் ஒழுங்காகத்தான் சுற்றின. யாரும் அலறவில்லை. என் முதல் கடிதத்தில் ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம்: சபையில் எழுந்து, "இதில் எனக்கும் பங்கு உண்டு" என்றேனே, அது.

மாமா