பரிதி அண்ணன் தப்பாக அடித்த முகவரி

மார்ச் 11, செவ்வாய்

மில்லில் இன்றும் அதே கூத்து. அரிசி ஏற்றிய லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. கணக்கர் பரிதி அண்ணன், லாரி கிளம்பத் தேவையான இ-வே பில் எடுக்க உட்கார்ந்தார். முகவரியில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு அடித்தார். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ‘இந்தத் தளம் கிடைக்கவில்லை’ என்று வந்தது.

“அமலி, உன் கம்ப்யூட்டர் தூங்குதும்மா.”

என் கம்ப்யூட்டராம்! பூதலூரில் இந்த மில்லுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு, சரி. இவர் விரலுக்குமா நான் பொறுப்பு? தட்டினால் திறக்கிற மாதிரி புக்மார்க் போட்டுக் கொடுத்தேன். “அதெல்லாம் பழக்கமில்லம்மா” என்றார். தினமும் அடிக்கிற முகவரியைத் தினமும் புதுவிதமாகத் தப்பாக அடிக்கத் தனித் திறமை வேண்டும்.

“தப்பா ஏண்ணே அடிக்கிறீங்க?” என்று கேட்டேன். சரியாக அடித்தால் உடனே திறக்கிறது. ஆகவே தவறு அவருடையது. முடிந்தது கதை.

மார்ச் 13

“திருவாரூர்லேருந்து போன் வந்துச்சா?” என்று அம்மா என்னைக் கேட்கிறாள். அம்மாவுக்கு வராத போன் எனக்கு எப்படி வரும்?

ஜனவரிக் கடைசியில் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ஜெரால்ட், அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருடைய அம்மா கேசரியைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, “கலந்து பேசிச் சொல்றோம்” என்றார். அப்படி என்ன கலக்கிறார்களோ. அதற்குள் சாம்பல் புதன் வந்துவிட்டது. “தவக்காலத்துல எதுக்குங்க நல்ல காரியம் பேசிக்கிட்டு, ஈஸ்டர் முடியட்டுமே.” தவக்காலத்தில் கல்யாணம் வைக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆமாம் இல்லை என்று வாயைத் திறக்கக் கூடாது என்று எந்தச் சாமியார் சொன்னார்?

அம்மாவும் அவர்களுக்குச் சளைத்தவள் இல்லை. வாசலில் குக்கர் விற்க வருகிறவனிடம்கூட “அவங்க வரட்டும், கேட்டுச் சொல்றேன்” என்பாள். அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இப்போது கும்பகோணத்தில் ஒரு வரன் வந்திருக்கிறது. அவர்களிடமும் “ஒரு இடம் பேசிக்கிட்டிருக்கோம், பொறுங்க” என்று சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கு முப்பத்தொன்று. ஆளாளுக்குப் பொறுக்கச் சொல்கிறார்கள்.

எனக்கு ஜெரால்டைப் பிடித்திருக்கிறது. அதுதான் எரிச்சல். “உங்க வேலையில எதுங்க கஷ்டம்?” என்று கேட்டார். “மனுஷங்க” என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். இதுவரை பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தராவது என் வேலையைப் பற்றிக் கேட்டதுண்டா? சம்பளத்தைக் கேட்பார்கள்.

மார்ச் 14

ஜெரால்டிடமிருந்து வாட்ஸ்அப்பில் காலை வணக்கம், ரோஜாப்பூ படத்தோடு. ரோஜாப்பூவுக்கு என்ன பதில் எழுதுவது?

மார்ச் 20

இன்று முதலாளி சித்தீக் பாயே தப்பாக அடித்துவிட்டு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரிதி அண்ணன் காத்திருந்தால் அது சோம்பல். முதலாளி காத்திருந்தால் அது கோளாறு. “இத முதல்ல பாரும்மா” என்றார்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் வேண்டுமென்றே வாய்க்கு வந்ததை அடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வட்டம். அதில் ஒன்றை என் செல்போன் நெட்டில் இணைத்து அதே உளறலை அடித்தேன். கையை எடுப்பதற்குள் ‘அப்படி ஒரு தளம் இல்லை’ என்று வந்துவிட்டது.

ஆக, தப்பாக அடித்தது பரிதி அண்ணன்தான். காக்க வைத்தது அவர் இல்லை, மில்லுக்கு வருகிற நெட். இதை அவரிடம் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் தரையில் கால் பாவாது.

மார்ச் 24

நெட் கம்பெனிக்குப் போன் செய்தேன். “செக் பண்ணிச் சொல்றோம் மேடம்.” இவர்களும் கேசரி தின்ற கும்பல்தான் போல.

ஏப்ரல் 3

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ரூட்டர் பெட்டியை அணைத்தார். போட்டார். சரியான முகவரி ஒன்றை அடித்து, “பாருங்க மேடம், சூப்பரா வருது” என்றார்.

“தப்பா அடிங்க” என்றேன்.

“தப்பா ஏன் மேடம் அடிக்கணும்?”

நான் பரிதி அண்ணனிடம் கேட்ட அதே கேள்வி. பரிதி அண்ணன் மானிட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஜெரால்டுக்காக வேண்டிக்கொள்ளவே கூடாது என்று கோயிலில் முட்டி போட்டு வேண்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 24

ஈஸ்டர் முடிந்துவிட்டது. ஜெரால்டின் அம்மாவுக்கு இப்போது மாதா திருவிழா வருகிறதாம். “அதுக்கப்புறம் நிதானமாப் பேசுவோமே.” அவர்கள் காலண்டரில் சும்மா இருக்கிற நாளே கிடையாது.

ஏப்ரல் 28, திங்கள்

பிடித்துவிட்டேன்!

நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்தால், அது எங்கே இருக்கிறது என்று நெட் கம்பெனியின் சர்வர் ஒன்று எண் சொல்லும். அப்படி ஒரு பெயர் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. இன்று அந்தச் சர்வரிடம் ‘காக்காகோழிகுருவி’ என்று கேட்டேன். நிஜமாகவே. அதற்கும் ஓர் எண் கொடுத்தது! குருவிக்குக் கேட்டாலும் அதே எண், கழுதைக்குக் கேட்டாலும் அதே எண். அங்கே போய்த் தட்டிப் பார்த்தால் ஆளே இல்லை.

போன் போட்டு உலுக்கினேன். ஒரு காலத்தில் தப்பாக அடிப்பவர்களையெல்லாம் விளம்பரப் பக்கம் ஒன்றுக்குத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்களாம். “அந்தப் பேஜை எடுத்தாச்சு மேடம். திருப்பி விடுறத மட்டும் இன்னும் எடுக்கல.” பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வழி காட்டுகிறார்கள். நம் பிரௌசரும் வெட்கம் கெட்டுப்போய் அந்த வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருக்கிறது.

அவர்கள் எடுக்கும்வரை காத்திருக்க நான் என்ன கேனச்சியா? மில் ரூட்டரில் அவர்கள் சர்வரைத் தூக்கிவிட்டு, இல்லை என்றால் இல்லை என்று சொல்கிற வேறொன்றைப் போட்டேன். பரிதி அண்ணனைக் கூப்பிட்டு, தப்பாக அடிக்கச் சொன்னேன். அடித்தார். அடுத்த கணமே ‘அப்படி ஒரு தளம் இல்லை’ என்று வந்தது.

“என்னம்மா இது, மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுது?”

“சொல்லட்டுண்ணே. உங்களுக்கு நேரம் மிச்சம்.”

சாயங்காலம் மில்லை விட்டு வெளியே வந்ததும் ஜெரால்டுக்குப் போன் செய்தேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

“ஒரே கேள்விதாங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா, இல்லையா?”

“என்னங்க திடீர்னு… நாங்க இல்லன்னு சொல்லவே இல்லையே.”

“ஆமான்னும் சொல்லலையே.”

இழுத்தார். “அம்மா நாகப்பட்டினத்துல ஒரு இடம் பேசிக்கிட்டிருக்காங்க. அது சரியா வரலன்னா…”

“வரலன்னா நானா?”

“அப்படி இல்லீங்க, நீங்க தப்பா—”

“இல்லைங்க. எனக்கு வேணாம். இதை நான் சொல்றேன்” என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நல்லாத்தானே சிரிச்சான்? அந்தச் சிரிப்பையும் ஓரமா எடுத்து வச்சிருந்தானா, எதுக்கும் இருக்கட்டும்னு? நான் என்ன, டயர் பஞ்சரானா மாட்டிக்கிற ஸ்டெப்னியா? சீ.

ஏப்ரல் 30

அம்மா என்னோடு பேசவில்லை. அப்பா வழியாகப் பேசுகிறாள். “வாய அடக்கத் தெரியாதவளுக்கு எங்கேருந்து வரன் வரும்னு கேளுங்க.” அப்பா கேட்கவில்லை. பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

மே 4

ஸ்டெப்னி என்கிற வார்த்தையை இன்று அம்மாவிடமே சொல்லிவிட்டேன். நாகப்பட்டினத்து இடத்தைப் பற்றி அவளுக்கு இதுவரை தெரியாது. அவசரப்பட்டு உறவை முறித்துவிட்டேன் என்றே நினைத்திருக்கிறாள். எழுந்து போய்த் துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மே 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, அம்மா கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. கையெல்லாம் செதில், என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். போட்டேன். ஜெரால்டின் அம்மா. குரலில் அப்படி ஒரு தேன்.

“நாங்க நல்லாக் கலந்து பேசிட்டோங்க. எங்களுக்குப் பரிபூரண சம்மதம். பொண்ணு ஏதோ கோவத்துல பேசிருச்சாம், சின்னஞ்சிறுசுங்க, அதெல்லாம் நாங்க மனசுல வச்சுக்கல. நிச்சயத்துக்கு நாள் பாக்கலாமா?”

நாகப்பட்டினம் கைவிட்டுப் போயிருக்கிறது. வேறென்ன?

அம்மா அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். ‘கேட்டுச் சொல்றேங்க.’ பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“இல்லீங்க” என்றாள் அம்மா. “எங்களுக்கு இஷ்டமில்லீங்க.”

நான் போனைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மசமசன்னு நிக்கிற, வையி” என்றாள் என்னிடம். வைத்தேன். கையில் கிடந்த கெண்டையைத் திருப்பிப் போட்டு மற்ற பக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“அடுப்புல உலை கொதிக்கிது, போயி அரிசியப் போடு.”