வரிசை எண் 1

ஜூலை 6
அறை ஏசியின் கம்ப்ரஸர் செத்து இன்றோடு இருபது நாள். பன்னிரண்டு பேர், உள்ளே 41 டிகிரி. நான் ஏசி டெக்னீஷியன். ஷார்ஜாவில் பாதிக் கடைகளுக்கு ரிப்பேர் பார்க்கிறேன். என் கட்டிலுக்கு மேலே இருப்பதைத் தொட இந்த லேபர் கேம்ப்பின் பாஸ் விடுவதில்லை. "பார்ட்ஸ் மாஃபி." பார்ட்ஸ் இல்லையாம், அவ்வளவுதான் பதில்.

ஜூலை 8
எல்லோரும் கையெழுத்துப் போட்டு கம்பெனிக்கு மனு கொடுக்க முடிவு. வெல்டர் முரளிதரன் அண்ணன் போனில் ஒரு படம் காட்டினார். சமஸ்தானக் காலத்தில், மழை பொய்த்த ஒரு வருடம், விளைச்சலில் பாதி கேட்ட திவானுக்கு அவர் ஊர் விவசாயிகள் கொடுத்த மனு. நடுவில் வாசகம். சுற்றிலும் வட்டமாகப் பெயர்கள், கைநாட்டுகள்.

"என்னண்ணே, கோலமா?"

"எங்க பூட்டன்தான் பத்து ஊரையும் திரட்டுனது. இதுல அவரு எங்க இருக்காரு, சொல்லு பாப்போம்."

தெரியவில்லை.

"திவானுக்கும் தெரியல. எல்லாரையும் வெயில்ல முட்டி போட வச்சு, தலைவன் எவன்டான்னு கேட்டான். ஒருத்தன் வாயத் தொறக்கல. நீயும் வட்டமாப் போடு தம்பி."

இந்தக் காலத்தில் வட்டமா? எக்ஸலில் அடித்தேன். வரிசை எண், பெயர், பாஸ்போர்ட் எண். கட்டில் எண்படி அடுக்கினேன் – சுத்தமாக இருந்தது. முதல் கட்டில், கதவோரம், முரளி அண்ணனுடையது.

ஜூலை 11
பகல் ஒரு மணி. மேனேஜர் எல்லோரையும் யார்டில் நிற்கவைத்தார். மனுவின் முதல் பெயரை விரலால் தட்டி, இவன்தான் தலைவனா என்று இந்தியில் கேட்டார். "யேஹி லீடர் ஹை?"

அது வெறும் கட்டில் எண், டைப் பண்ணது நான் – இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். முரளி அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஹான் சார்" என்று ஓர் அடி முன்னால் வைத்தார்.

ஜூலை 12
அவர் விசா கேன்சல். பெட்டி கட்டும்போது கேட்டேன், ஏன் ஒத்துக்கிட்டீங்க என்று.

"இல்லன்னா பன்னெண்டு பேரையும் அனுப்பிருப்பான். நீதான் நம்பர் போட்டுக் குடுத்துட்டியே, அப்புறம் என்ன." சிரித்தார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 13
ஒரே வார்த்தை. வாய் எங்கடா போச்சு எனக்கு?

ஜூலை 19
புது ஏசி வந்தது. மாட்டியது நான்தான். 22 டிகிரி. எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள்.

ஆகஸ்ட் 2
பக்கத்து அறை மீரா சாகிப் வந்தார். அவர்கள் குழாயில் உப்புத் தண்ணீர், குளித்தால் தோல் உரிகிறதாம். "நீங்க படிச்சவுக. ஒரு மனு எழுதித் தாங்க தம்பி."

லேப்டாப்பைத் திறந்தேன், மூடினேன். சாப்பாட்டுத் தட்டைக் காகிதத்தில் கவிழ்த்து வட்டம் போட்டு, நடுவில் மனுவை எழுதினேன்.

"மொதல்ல யாரு போடுறது?"

"எங்க வேணா போடுங்க பாய்."

எட்டுப் பேர் போட்டார்கள். மிச்சமிருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அந்த அறையில் எனக்குக் கட்டில் இல்லை.