காயாத கதவு

ராத்தா, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் என் நகங்களுக்குள்ளிருந்து எனாமல் மணம் போகவில்லை. நாலு நாளாகச் சோற்றிலும் அதுதான் மணக்கிறது. இறந்து போனவர்களுக்கு, கூடப்பிறந்த அக்காவானாலும், எழுதும் பழக்கம் எனக்கில்லை. அவர்கள் படிப்பார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. களைப்பாக இருக்கிறது, உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. அவள் வாப்பா, மச்சான், கட்டாரிலிருந்து அனுப்பியதைக் கொண்டு, பெருந்தெருவுக்கு மேற்கே, கடல் சத்தம் கேட்காத ஒரு வளவில் கட்டி முடித்தோம். சண்டை ஓய்ந்ததிலிருந்து எல்லோருக்கும் வீட்டுக்கு நிறம் பூசும் ஆசை வந்துவிட்டது, ஆள் கிடைப்பதில்லை. கடைசியில் காரைதீவிலிருந்து ஒரு பெயின்டர் வந்தார். வாளியை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"டீச்சர், கதவு யன்னல முதல்ல அடிக்கிறதா, சுவர முதல்ல அடிக்கிறதா?"

எனக்கு விடை தெரியும். ஆனாலும் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இதே கேள்விக்காக உங்கள் பழைய வீட்டு விறாந்தையில் நாம் இருவரும் ஒரு நாள் முழுக்க வாதாடினோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வீடு வெளிச்சமாக வேண்டும் என்று நின்றீர்கள். சுவர்தான் முதலில் என்றீர்கள்.

"மொகத்தக் கழுவாம கண்ணுக்குச் சுறுமா போடுவாளா ஒருத்தி? கதவு யன்னலெல்லாம் சுறுமா மாதிரி புள்ள. கடைசியாத்தான்."

மரத்துக்குப் பூசும்போது தூரிகை சுவரில் இழுபடும், அந்தப் பிழையைப் பிறகு சுவர் நிறம் மூடிவிடும், மாற்றிச் செய்தால் மூட வழியில்லை என்று நான் வகுப்பில் நிற்பது போல விளக்கினேன்.

"கம்பஸ்ல பெயின்ட் அடிக்கவுமா படிப்பிச்சுத் தந்த?"

சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தீர்கள். எப்போதும் நீங்கள்தான் விட்டுக்கொடுப்பது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் உங்கள் வீட்டுக் கதவு, நிலை, யன்னல் எல்லாம் பூசியாயிற்று. மார்கழி ஈரத்தில் எனாமல் எங்கே காய்வது? ஞாயிறு காலை, சம்மாந்துறைக் கலியாண வீட்டுக்குப் போக வேன் வந்து நின்றபோதும் தொட்ட விரலில் ஒட்டியது. நீங்கள் புதுச் சாரி உடுத்து வாசலில் நின்றீர்கள்.

"ஒட்டினா ஒட்டட்டும். சாத்திப் பூட்டிட்டு வாறன்."

"சாத்தினா நிலையோட ஒட்டி உரிஞ்சி வரும் ராத்தா. முழு வேலையும் பாழ். பின்னேரம் வரைக்கும் பொறுங்களன்."

திறந்த வீட்டை விட்டுவிட்டு வர முடியாது. "செரி, போ. எனக்கும் சேத்து வட்டிலப்பம் தின்னு" என்று மகளை என்னோடு ஏற்றி அனுப்பினீர்கள். வேன் திரும்பும்போது பார்த்தேன். திறந்த கதவின் நடுவே, சாரித் தலைப்பு ஈரத்தில் படாமல் கையால் தூக்கிப் பிடித்தபடி நின்றீர்கள்.

அங்கே போய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று சேதி வந்தது.

அல்லாஹ்வின் நாட்டம் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். தலையாட்டினேன். நாட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. உங்களை அங்கே நிற்கச் சொன்னது யார் என்பது தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மகளை என் வீட்டில் வைத்து வளர்த்தேன், அவளிடமும் சொல்லவில்லை. அவள் என்னை நம்பி எதையாவது கேட்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிப் போட்டேன்.

பெயின்டர் போனதும் அவள் கேலி செய்தாள். "என்ன சாச்சி, கணக்கு டீச்சருக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியாதா?"

சொன்னேன். உங்களை அங்கே நிற்கச் சொன்னதைப் பற்றி, மூன்று வசனம் இருக்கும். அவள் யன்னல் கட்டையிலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும் சாச்சி. நான் வேனுக்குள்ள ஓரமாத்தானே இரிந்த. நீங்க ரெண்டு பேரும் கதைச்சது கேட்டிச்சி."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் ஒண்டும் கேக்கல்ல?"

"நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன்." துணியை உதறினாள். "கோவம் இரிந்திச்சி. இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன்."

போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பெயின்டரிடம், மரம்தான் முதலில் என்றேன். அதுதான் சரியான ஒழுங்கு, ராத்தா. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். முன்கதவு பூசி முடிந்த பின்னேரம், கலியாணத் துணி எடுக்க அவளோடு கல்முனைக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அவள் படியில் இறங்கி நின்று என்னைப் பார்த்தாள். நான் ஈரக் கதவில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிச் சாத்தினேன்.

"ஐயோ டீச்சர், ஒட்டிப் போகுமே!" என்றார் பெயின்டர்.

"ஒட்டட்டும்" என்று பூட்டினேன்.

பொழுதுபட்டு மஃரிபுக்குத் திரும்பி வந்து இழுத்தபோது, சீலை கிழிவது போல ஒரு சத்தம். நிலையில் ஒரு சாண் நீளத்துக்கு எனாமல் உரிந்து வெறும் மரம் தெரிந்தது. காலையில் வந்த பெயின்டர் முகம் சுளித்து, திரும்பப் பூசித் தருகிறேன் என்றார். உங்கள் மகள்தான் மறித்தாள். "வேணாம். அப்படியே இரிக்கட்டும்." வீடு அவளுடையது.

இன்று சுவரைத் தொடங்கியிருக்கிறார். மரத்திலிருந்து இழுபட்ட பிழைகளையெல்லாம் சுவர் நிறம் மூடிக்கொண்டே வருகிறது, நான் சொன்னது போலவே. அந்த ஒரு சாண் மட்டும் மூடாது.