அண்ணே, ஈரம் தரையிலிருந்து வரவில்லை

என் பிரியமான அண்ணே,

நலமா என்று உங்களிடம் கேட்க முடியாது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். கார் கொட்டகை இன்னும் காயவில்லை. ஏன் காயவில்லை என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கோ முதலிலிருந்தே தெரியும்.

இதைப் பத்திரிகைக்கு எழுதத்தான் வேண்டுமா என்று அண்ணி கேட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம்தானே, தெரியாமல் இருந்தது நான் ஒருவன்தானே என்றேன்.

சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துத் துரையிடம் அந்தக் காரை வாங்கி வந்த அன்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? வட்டவளைத் தேயிலை மலையில் கார் ஓடித் தேய்வதை விட நின்று துருப்பிடிப்பதுதான் அதிகம். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கப் போகிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டால் மட்டும் போதாது, உள்ளே நிற்கிற ஈரத்தை எடுக்க ஒரு வழி வேண்டும் என்றேன். "நீதானே கொழும்புல படிச்சவன், நீயே பாத்துச் சொல்லு தம்பி" என்றீர்கள்.

பார்த்தேன். காற்றைக் குளிரவைத்து அதிலுள்ள தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் மின்சார இயந்திரம் ஒன்று கொழும்பில் வந்திருந்தது. நம் குளிரில் அதன் குழாய் உறைந்து நின்றுவிடும். தவிர, நம் கொட்டகையில் கரண்டே கிடையாது. கரி அடுப்பு வைத்தால் பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு. மிச்சம் இருந்தது சுட்ட சுண்ணாம்புக் கல். தகரத் தட்டுகளில் பரப்பி வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பொடியாகும். பொடியானதும் மாற்ற வேண்டும். ஆனால் கதவு இறுக்கமாக மூடியே இருக்க வேண்டும். "நீ சொன்னா சரிதான்" என்று தலையாட்டினீர்கள்.

வாரக்கணக்கில் தாங்க வேண்டிய சுண்ணாம்பு மறுநாளே பொடியானது. கூரையில் ஒழுக்குத் தேடினேன். தகரத்துக்குத் தார் பூசினேன். கதவிடுக்கில் சாக்கை அடைத்தேன். நான் இரவு வேலை பார்த்த தேயிலை பேக்டரியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்னா இன்ஜினியரு, சுண்ணாம்பு மட்டும் போதுமா? காருக்கு வெத்தலையும் பாக்கும் குடுக்கலியா?" என்று தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

அதன் பிறகுதான் அந்தச் சோதனையைச் செய்தேன். தரையில் மெழுகுத்துணியை விரித்து ஓரங்களில் கல் வைத்தேன். துணியின் அடிப்பக்கம் நனைந்தால் ஈரம் தரையிலிருந்து ஊறுகிறது. மேல்பக்கம் நனைந்தால் காற்றிலிருந்து வருகிறது. அன்று பேக்டரியில் இன்ஜின் பழுது, என்னால் வீடு திரும்ப முடியவில்லை. காலையில் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

"அடியில ஒரே ஈரம் தம்பி. மேல சொட்டுத் தண்ணி இல்ல."

அதை நம்பித் தரையை உடைத்தேன். தார்த்தாள் விரித்துப் புதிதாகக் கொங்கிரீட் போட்டேன். நீங்களும் என்னோடு மண் சுமந்தீர்களே அண்ணே! எப்படி மனம் வந்தது?

நீங்கள் போன பிறகு பகல் வேலைக்கு மாறிவிட்டேன். துக்க வீடு என்று கொஞ்ச நாள் வராமல் இருந்தவர்கள் போன வாரம் வந்தார்கள். மழைக்குக் கம்பளி போர்த்திக் கொழுந்து பறித்து இறங்கிய பெண்கள் நேராக வீட்டுக்குப் பின்னால் போனார்கள். நிலைக்கு மேல் கையை விட்டுச் சாவியை எடுத்தார்கள். எனக்கே தெரியாத சாவி அது.

"யாரது?"

"நாங்கதான் சின்னவரே" என்றார் மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் முத்தம்மா அக்கா. "கம்பளி காயப் போட வந்தோம்."

"இங்கயா?"

"வேற எங்க? லயத்துல கூரையே ஒழுகுது. வட்டவளையில காஞ்ச எடம்னா இது ஒண்ணுதான். நீங்க என்னமோ மருந்து வச்சிருக்கீங்கன்னு பெரியவரு சொன்னாரே."

"அண்ணனுக்குத் தெரிஞ்சுதானா?"

"நல்லா கேட்டீங்க! நீங்க பேக்டரிக்கு எறங்குனதும் ரெண்டு தரம் ஹாரன் அடிச்சுக் கூப்பிடுறதே அவருதானே. காலையில நீங்க திரும்புறதுக்குள்ள எடுத்துக்குவோம்."

அந்த ஹாரன் எனக்குப் பேக்டரி வரை கேட்கும். பேட்டரி பார்க்கிறேன் என்பீர்கள். பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். டயர் டியூப் மாட்ட என்று நீங்கள் கட்டிய கம்பிகளில், மலை மழையெல்லாம் குடித்த கம்பளிகள் காரின் மேல் சொட்டிக்கொண்டிருந்தன.

"கார் துருப்புடிச்சுப் போச்சுக்கா" என்றேன்.

"கம்பளிக்குக் கீழ நின்னா காருக்குச் சளியா புடிக்கும்?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிப் பூட்டிவிட்டேன்.

அண்ணிக்கும் தெரிந்திருக்கிறது. "சொன்னா தம்பி பூட்டிப்புடும்னாரு, அதான்" என்கிறார். பூட்டித்தான் இருப்பேன். சண்டை போட்டிருக்கலாமே அண்ணே? நீ பூட்டினால் நான் திறப்பேன், கார் என்னுடையது என்று சொல்லியிருக்கலாமே? பொய்யான அளவை என் கையில் கொடுத்தீர்கள். கணக்குத் தப்பியபோது என் பக்கத்தில் உட்கார்ந்து கவலையும் பட்டீர்கள். அந்தக் கவலைதான் எனக்கு ஆறவில்லை.

காரின் நிலைமையைச் சொல்கிறேன். பிரேக் டிரம் இறுகிக் கிடக்கிறது. அடித்தகடு கை வைத்தால் உதிர்கிறது. வயர் முனைகள் பச்சை பூத்திருக்கின்றன. ஹட்டனில் ஒரு டிரைவர், பெருமழைக்கு முன் தயார் என்றால் ஓட்டித் தருகிறேன் என்கிறார். இல்லாவிட்டால் அவர் வேறு காருக்குப் போய்விடுவார். அண்ணியும் பிள்ளைகளும் அந்த ஓட்டத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

பூட்டிய மறுநாள் காலை அந்தப் பெண்கள் அதே ஈரக் கம்பளியோடு மலை ஏறினார்கள். நான் வேலைக்குப் போகிற வழி அதுதான், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆகவே ஈரம் எடுக்கும் வழியை மறுபடி தேர்ந்தெடுத்தேன். சுண்ணாம்பை எறிந்துவிட்டேன். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி அடுப்பாக்கிச் சுவருக்கு வெளியே வைத்தேன். சூட்டுக் குழாய் மட்டும் உள்ளே சுற்றி வரும். கூரைக்குக் கீழே ஈரக் காற்று வெளியேற இடைவெளி விட்டிருக்கிறேன். தேயிலை காய்வதும் இப்படித்தான். எரிக்க, கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியான மிலாறு கிடைக்கிறது. இந்த முறை கம்பளித் தண்ணீரையும் சேர்த்தே கணக்குப் போட்டேன். உண்மையான அளவு கிடைத்ததால் ஒரே மாலையில் போட முடிந்தது.

நேற்று முத்தம்மா அக்கா முன்வாசலில் வந்து நின்றார். மிலாறுக் கட்டு ஒன்றை இறக்கி வைத்தார்.

"தம்பி, இன்னைக்குக் கம்பளி போட்டுக்கலாமா?"

"போடுங்க. காருக்கு மேல சொட்டாம அந்தப் பக்கமா போடுங்க" என்றேன்.

அவ்வளவுதான் அண்ணே. ஒரு கேள்வி, ஒரு பதில். அவருக்குக் கேட்கத் தோன்றியது. ஒரே வயிற்றில் பிறந்த உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

பெருமழைக்கு முன் கார் ஹட்டன் ரோட்டில் ஓடும். அண்ணி யார் வாசலிலும் போய் நிற்க மாட்டார். இது என் வாக்கு. உங்கள் மேல் உள்ள கோபம் எப்போது தீரும் என்பதற்கு மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

நீங்கள் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்காத,
உங்கள் கூடப்பிறந்த தம்பி