ஆறு கம்பியும் ஒரே அளவு

அக்டோபர் 6, திங்கள்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு இடி, பிறகு மழை. கொடியில் கிடந்த துணி மொத்தமும் நாசம்.

வாங்க வேண்டியவை: பருப்பு, கொசுக்கடிக்கு நுளம்புத்திரி, இவருக்குப் பெரிய கண்ணாடிக் கூடு, என் கிட்டாருக்கு மெல்லிய கம்பி ஒன்று.

இவருடைய புதுக் கண்ணாடி இன்று பதுளையிலிருந்து வந்தது. மேல் பாதி தூரத்துக்கு, கீழ் பாதி கிட்டத்தில் பார்ப்பதற்கு. நாற்பத்தேழு வயதில் எல்லோருக்கும் வருவதுதான். போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். "நெலம் கிட்ட வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். படியில் காலால் துழாவினார். சிரித்துவிட்டேன். முறைத்தார்.

பண்டாரவளைக் கல்யாண வீட்டிலிருந்து போன். 26ஆம் திகதி, பகல் சாப்பாட்டு நேரம், ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும்.

"பாட்டு யாரு பாடுறதுங்க?"

யாரும் பாடுவதில்லை, மூன்றே பேர், வெறும் வாத்தியம் என்றேன். என் வீட்டுக்காரர் கிட்டாரை மடியில் படுக்க வைத்து, இரும்புக் கட்டையைக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிப்பார், நான் சாதாரண கிட்டாரில் துணை, நவாஸ் நானா டோலக். "ஓ, அந்த அழுவுற கிட்டாரா! பொண்ணோட அப்பா அதத்தான் கேட்டாரு" என்றார். நல்ல மனிதர்.

ஐந்தரைக்குப் பயிற்சி. இரண்டாவது உருப்படியிலேயே இவர் நிறுத்திவிட்டார்.

"புஷ்பா, ஒன் கிட்டாரு சுருதி மேல நிக்குது. எறக்கு."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சொன்னேன். "எறக்குன்னா எறக்கேன்." கம்பியின் திருகாணியைத் திருகுவது போல் தொட்டேன். இவர் முகம் தெளியவில்லை. ஆறு மணிக்கே கிட்டார்ப் பெட்டியை மூடிவிட்டார்.

அக்டோபர் 8, புதன்

நான் வேலை செய்யும் தபால் கந்தோரில் கூட்டம். தராசு மறுபடி மக்கர்.

மதியம் நவாஸ் நானா வந்தார், பார்சல் போடும் சாக்கில். பதுளை பசாரில் அவருடைய பெயின்ட் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு தபால் கந்தோர் இருக்கிறது. அதை விட்டு ஹாலிஎல வரை பஸ் ஏறி வந்தால் என்ன விஷயம் என்று தெரியாதா. பசை தடவிக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, ஒங்கட கிட்டார்ல பிழை இல்ல. மச்சான்தான் கீழ போறாரு."

"தெரியும் நானா."

பின்னால் நின்ற அம்மா முத்திரை கேட்டார். கொடுத்தேன். இரண்டு தடவை கொடுத்துவிட்டேன் போல, திருப்பித் தந்தார்.

கண்ணாடிதான் காரணம். இவருடைய கிட்டாரில் கம்பியை விரலால் அழுத்துவதில்லை. கட்டை, கிட்டாரின் கழுத்தில் உள்ள குறுக்குக் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஒரு நூல் பின்வாங்கினால் ஸ்வரம் கீழே. கண்ணாடியின் கீழ் பாதி கோட்டைத் தள்ளிக் காட்டுகிறது. இவர் தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர், காதைவிடக் கண்ணை நம்புகிற ஆள். கோட்டுக்கு நேராக வைத்தால் எப்படித் தப்பும் என்பார்.

சொல்லலாம். ஒரு வரிதான். ஆனால் ஒருமுறை கோவில் திருவிழாவில் யாரோ ஒரு வாத்தியார் "சுருதி லேசா ஒதைக்குதே" என்று சொல்லிவிட்டுப் போனதற்கு, இரண்டு வருடம் பெட்டியைத் திறக்கவில்லை. ரேடியோ போட்டால்கூட எழுந்து வெளியே போவார். அந்த இரண்டு வருடம் இந்த வீடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை என்னால் முடியாது.

அக்டோபர் 12, ஞாயிறு

வானம் மப்பு. குளிர். பயிற்சி நான்கு மணிக்கு.

செய்துவிட்டேன்.

எங்கள் வழக்கம்: இவர் முதலில் போனில் சுருதி காட்டும் ஆப்பைப் பார்த்துச் சேர்ப்பார், நான் அவருக்குச் சேர்ப்பேன். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்ப மாட்டார். பதினேழு வருடமாக அப்படித்தான். இன்று சேர்த்து முடித்து அவர் கை கழுவப் போன நேரத்தில், என் போனை மடியில் வைத்து ஆறு கம்பியையும் ஒரு மயிரிழை இறக்கினேன். ஆறும் ஒன்றுபோல. நவாஸ் நானா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்தோம். பொருந்தியது.

"ஆ! இப்பத்தான் சரி. அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்க" என்றேன்.

இரவு இரண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டார்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்கு பாதி கருகல். இவருக்குப் புதுச் சட்டை, கை நீளம் கூட.

நவாஸ் நானாவின் மகள் அனுப்பிய வீடியோ: வெளிநாட்டுக்காரர் ஒருவர், இதே மாதிரி கிட்டார், காலுக்குக் கீழே நாலைந்து மிதி. இவர் பார்த்துவிட்டு, "தையல் மெசினு மாதிரி மிதிக்கிறான்ப்பா. நமக்குக் கை போதும்" என்றார். உண்மையில் போதும். மிதியால் வருவதை இவர் கட்டையைச் சாய்த்தே கொண்டுவருவார். இரண்டு கம்பி, இரண்டு ஸ்வரம், ஒன்று நிற்க மற்றது நகரும். எப்படி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

எங்களிடம் ஒரு மெதுவான உருப்படி உண்டு, அதில் மூன்றாம் கோட்டிலிருந்து ஐந்துக்கு ஏறுகிற இடம். மற்றவர்கள் ஏறிவிடுவார்கள். இவர் மனமில்லாமல் ஏறுவார், போய்ச் சேருமுன் கொஞ்சம் தயங்குவார். பிறகு கட்டைக்குப் பின்னால் விரலை வைத்து மற்றக் கம்பிகளை அடக்கிவிட்டு ஒன்றை மட்டும் விடுவார். அதைக் கேட்டுத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். அம்மாவிடம் இவர் வேலை நிரந்தரம் என்று மட்டும் சொன்னேன்.

இன்றைக்கும் தயங்கினார். அழகுதான். ஆனால் போய் நின்ற இடம் கீழே. நானும் கீழே நின்றதால் அவருக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. இருமல் மாதிரி காட்டிக்கொண்டேன்.

நவாஸ் நானா, வாசலில் செருப்பு மாட்டும்போது: "சொல்லிருங்க தங்கச்சி. கல்யாண வீட்டுக்குப் போறதுக்கு முந்தி."

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொன்னா கோவிப்பாரு. நீங்க சொன்னா..." முடிக்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 25, சனி

விடாத மழை. மண்சரிவு எச்சரிக்கை, பண்டாரவளைப் பாதை திறந்துதான் இருக்கிறது. மூடினால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். பாவி.

சேலை இஸ்திரி. வேன் நாளைக் காலை ஒன்பதரைக்கு.

சாயந்தரம் அவர் கட்டையைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு சீட்டியடித்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன?" என்றார். "மழை விடுமா?" என்று கேட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபத்தில் வீடியோக்காரர் இரண்டு பெரிய விளக்கை எங்களுக்கு நேரே வைத்தார். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று இவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். அதற்குள் சுருதி சேர்த்தாயிற்று. நான் இறக்கியும் ஆயிற்று.

கண்ணாடி இல்லாமல் கோடு தெரியாது. காதை நம்பித்தான் ஆக வேண்டும். முதல் ஸ்வரம் நிற்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக நின்றது. அதன் கீழே நான், பல் கூசுகிற மாதிரி.

"ஏத்து" என்றார், உதடு அசையாமல். வாசித்துக்கொண்டே ஆறையும் எப்படி ஏற்றுவது? கை திருகாணி வரை போய்த் திரும்பியது. முன் வரிசையில் ஒருவர் இலையிலிருந்து தலை தூக்கினார்.

"விடு" என்றார். கம்பிகளை உள்ளங்கையால் அடக்கினேன்.

அந்த உருப்படி முடிந்ததும் ஏற்றப் போனேன். "தொடாத. அப்பிடியே இருக்கட்டும்." என் முகத்தைப் பார்த்தார். நவாஸ் நானாவின் முகத்தையும் பார்த்தார்.

பிறகு அவரும் டோலக்கும் மட்டும். இவ்வளவு நன்றாக அவர் வாசித்து நான் கேட்டதில்லை. கண்ணை மூடியே வாசித்தார். கோபத்தில் வாசித்தார் என்று நினைக்கிறேன். அந்த மெதுவான உருப்படியில் தயங்குகிற இடத்தில், பெண்ணின் அப்பா பாயசக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நான் போட்டோவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மேடையில். சந்தோஷமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

வேனில் திரும்பினோம். நவாஸ் நானாவுக்குப் பதுளை வரை போக வேண்டும், ஆனாலும் எங்களோடு ஹாலிஎலவில் இறங்கப் பார்த்தார். இவர் "நீ போ" என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்குக்கூட ஏற்றவில்லை. என் கிட்டாரை எடுத்து மேசையில் வைத்து, போனைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார்.

"ஆறு கம்பியும் ஒரே அளவு எறங்கியிருக்கு."

மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"தானா எறங்குனா ஒண்ணு கூட, ஒண்ணு கொறைய எறங்கும். இது கையால எறக்குனது. எத்தன நாளா?"

"ரெண்டு வாரம்."

"நவாசுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "ரெண்டு பேரும் சேந்து என்னயக் கொழந்தயாக்கிட்டீங்க" என்றார். குரல் உயரவில்லை. கத்தியிருக்கலாம்.

அக்டோபர் 27, திங்கள்

பெட்டி கட்டிலுக்கு அடியில். பூட்டு தொங்குகிறது. இதுவரை அதற்குப் பூட்டு இருந்ததில்லை.

இன்று என்னிடம் பேசியவை: "சாவி எங்க." "உப்பு." "வேலைக்கு நேரமாகுது."

நவாஸ் நானா மூன்று தடவை போன். இவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, என்ன சொல்வது.

அக்டோபர் 29, புதன்

மழை நான்கரைக்கு விட்டது. கந்தோரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன் பார்த்தேன். இவர் எனக்கு முன்பே வந்திருந்தார். பெட்டி திறந்திருந்தது. கிட்டார் மடியில், கண்ணாடி முகத்தில்.

"ஒன் கிட்டாரு வேணாம். இங்கன ஒக்காரு."

எதிரில் உட்கார்ந்தேன். ஐந்தாம் கோட்டில் கட்டையை வைத்து ஒரு ஸ்வரம் தட்டினார்.

"சொல்லு. மேலயா, கீழயா?"

"என்னங்க இது..."

"ஒன்னயத்தான் கேக்குறேன்."

"கீழ."

முகம் சிவந்தது. கட்டையை நகர்த்தினார். "இப்ப?"

"கீழ."

"இப்ப?"

"சரி."

அந்த இடத்தைக் குனிந்து வெகு நேரம் பார்த்தார். அடுத்த கோடு. அதற்கடுத்தது. இடையில் ஒருமுறை கட்டையைப் பாயில் வீசிவிட்டு எழுந்து போனார். குழாயில் முகம் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சரின்னு சொல்லிட்டுப் போயிரலாம்னு இருக்கா ஒனக்கு?"

"இல்ல" என்றேன். இருந்தது.

பன்னிரண்டாம் கோடு. நெற்றியெல்லாம் வியர்வை. தட்டினார். மிகவும் கிட்டே வந்துவிட்டது. மீந்த குறை நவாஸ் நானாவுக்குக்கூடக் கேட்காது, எனக்குக் கேட்டது.

"இப்ப?"

"கீழ" என்றேன்.