செல்வி மட்டும் ஏன் லெவல் ரெண்டு?

என் ஏழுமலை மாமாவுக்கு, பாதி ஆசையோடும் பாதி ஆத்திரத்தோடும் உங்கள் பாபு எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் மகள் யாழினிக்கு வேலூரில் காலேஜ் சீட் கிடைத்துவிட்டது. பட்டுக்கு டிசைன் போடுவீர்களே, அந்த லேப்டாப்பைத்தான் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். உள்ளே இருந்ததையெல்லாம் கடையில் கொடுத்து அழித்துப் புதிதாகப் போட்டாகிவிட்டது. நம் கேமும் அதோடு போய்விட்டது. கடைசிச் சண்டை ஒன்றுதான் பாக்கி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கலாம்தான். வைத்துக்கொண்டு எதில் ஆடுவது? என்னிடம் இருப்பது ஒரு போனும் ஒரு ஸ்கூல் வேனும்.

ஆனால் இந்தக் கடிதம் கேமுக்காக இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

தை மாதக் கடைசியில், காலை டிரிப் முடிந்ததும் உங்களை அந்த வேனில் வேலூருக்குக் கூட்டிப்போனேன். இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, இன்றைக்கே அட்மிட் ஆகுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னீர்கள்: "யாழினி பரீட்சை முடியட்டும் மச்சான். அதுவரைக்கும் உங்க அக்காகிட்ட மூச்சு உடாத. அவ தாங்க மாட்டா." நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். பிளஸ் டூ பரீட்சையில் இன்னும் இரண்டு பேப்பர் இருக்கும்போது நீங்கள் போய்விட்டீர்கள்.

வருகிறவர்களிடமெல்லாம் அக்கா ஒரே பேச்சுத்தான் பேசுகிறாள். "நல்லாத்தாங்க இருந்தாரு. தலவலின்னு கூட ஒரு நாள் படுத்ததில்ல." பக்கத்தில் நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றுகொண்டிருப்பேன். ஐந்து மாதமாக இதுதான் என் பிழைப்பு. சொன்னால் அக்காவை இழப்பேன், சொல்லாவிட்டால் அவள் முகத்தை எப்படி ஏறிட்டுப் பார்ப்பது?

அந்த கேமை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டு தொங்கினோம் என்று இப்போது யோசிக்கிறேன். ஆரணியிலேயே நம் இரண்டு பேரைத் தவிர யாரும் அதை ஆடியிருக்க மாட்டார்கள். யாழினியின் சிநேகிதிகள் பார்த்துவிட்டு, "இன்னா அங்கிள், சொப்பு பொம்ம மாரி கீது" என்று சிரித்தார்கள். தோற்றுப்போன படையில் மிச்சமான எட்டுப் பேர் மலையைத் தாண்டி ஊர் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் கதை. கைவேகத்துக்கு அதில் வேலையே இல்லை. நம் ஆட்கள் ஒவ்வொருவராகக் கட்டம் கட்டமாக நகர வேண்டும். பிறகு எதிரி நகர்வான். நாம் நகர்த்தாதவரை எதிரியும் அசையாமல் காத்திருப்பான். உங்களுக்கோ நாள் முழுக்க டிசைனில் கட்டம் எண்ணுவதுதான் தொழில். மத்தியானம் எனக்கு டிரிப் இல்லாத நேரத்தில் வந்து உட்கார்ந்தால், ஒரே ஒரு அடி எடுத்து வைக்க முக்கால் மணி நேரம் சண்டை போடுவோம். டீ ஆறி ஆடை கட்டிப்போகும்.

செத்தவன் செத்தவன்தான், பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி ஆட முடியாது. அதுதான் அந்த கேமின் ருசி, அதுதான் அதன் பயமும். அம்பு படுவதற்குத் தொண்ணூறு சதவீதம் வாய்ப்பு என்று காட்டும், படாது. ஒருவன் செத்தால், கேமில் அவன் பக்கத்தில் நின்றவனுக்கு இரண்டு நாள் குறி தவறும். முதல் நாளே எட்டுப் பேருக்கும் நம் ஆட்கள் பெயரை வைத்துவிட்டீர்கள். கேடயம் தூக்கி முன்னால் போகிறவன் நீங்கள். வில்லுக்காரன் நான். கோடாலிக்காரன் டீக்கடை பாய். நிஜ பாய் ஈ ஓட்டக்கூடக் கை தூக்க மாட்டார். காயத்துக்கு வைத்தியம் பார்க்கிறவளுக்கு அக்கா பெயர், செல்வி.

செல்வி மேல் ஒரு கீறல் விழக்கூடாது. அது நீங்கள் போட்ட சட்டம். சண்டை ஆரம்பித்ததும் முதல் வேலையாக அவளைப் பின்னால் ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவீர்கள். "வைத்தியம் பார்த்தாதான மாமா அவளுக்கு லெவல் ஏறும்" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். "அடிபட்டா நாமளே கட்டு போட்டுக்கலாம் மச்சான். அவ அங்கயே இருக்கட்டும்" என்பீர்கள். எட்டுப் பேர் கேமை ஏழு பேராக ஆடின மகராசன் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசிச் சண்டையைத் திறந்து உட்கார்ந்தேன். யாழினி ஹாஸ்டலுக்கு பக்கெட், பெட்ஷீட் வாங்கப் போயிருந்தாள். ஐந்து மாதமாக அந்த லேப்டாப் பக்கமே வராத அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சாய்ங்காலம் கடைக்கு போயிடுமில்ல. அப்டி இன்னாடா கீது இதுல? நானும் பாக்கறேன்."

பெயர்களைப் படித்தாள். பாயைக் கோடாலியோடு பார்த்ததும் சிரித்தாள். பிறகு திரையில் விரல் வைத்தாள். "இது யாரு, மூலையில நின்னுகினு?"

"நீதான்கா."

"எல்லாருக்கும் தல மேல பதினொண்ணு பன்னண்டுன்னு போட்டுக்குது. எனக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

"எறங்கி வேல செய்றவங்களுக்குத்தான் ஏறும்கா. மாமா உன்ன எறக்கவே மாட்டாரு. அடிபட்டுடுவியாம்."

அக்காவின் முகம் மலர்ந்தது. அவ்வளவு ஆசையா என் மேல் என்கிற மாதிரி உங்கள் போட்டோவைப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் அடுத்த ஆளை நகர்த்தினேன்.

பாலத்தின் நடுவில் ஏழுமலை விழுந்தான். மூன்று பக்கமும் எதிரி. அவன் தலைக்கு மேல் சிவப்பில் மூன்று என்று வந்தது. மூன்று ஆட்டத்துக்குள் வைத்தியம் பார்க்காவிட்டால் உயிர் போய்விடும் என்று சொல்வதற்குள் அக்கா என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள்.

"எங்கடா அமுக்கணும்? ஜல்தியா சொல்லு."

மூலையிலிருந்து செல்வியைக் கிளப்பினாள். முதல் ஆட்டத்தில் பாதி மைதானம். இரண்டாவதில் பாலத்தின் முனை. பாயை நான் குறுக்கே நிறுத்தினேன், அவருக்கு வெட்டு விழுந்தது. அக்கா திரையில் விரல் வைத்துக் கட்டம் எண்ணினாள். மூன்றாவது ஆட்டத்தில் செல்வி உங்கள் பக்கத்தில் போய் நின்றாள். வைத்தியப் பை திறந்தது. விழுந்தவனுக்கு வெறும் கட்டு போதாது; உயிரைப் பிடித்து நிறுத்துகிற ஊசி அதில் இருந்தது, இன்னும் திறக்காத சாம்பல் நிறத்தில். அக்கா அதை அமுக்கினாள். மறுபடி மறுபடி அமுக்கினாள்.

"ஏன்டா வேல செய்ய மாட்டுது?"

"நாலாவது லெவல்லதான்கா அத கத்துக்குவாங்க."

மூன்றாவது ஆட்டம் முடிந்தது. ஏழுமலை என்ற பெயர் மேல் ஒரு கோடு விழுந்தது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பக்கத்துலதான்டா இருந்தேன். முன்னாடியே ஏன்டா என்ன எறக்கல?"

அவள் கேமைப் பற்றித்தான் கேட்டாள் மாமா. நான் மற்றதைச் சொல்லிவிட்டேன். வேலூர், டாக்டர், அடைப்பு, என் தோளில் நீங்கள் போட்ட கை, எல்லாவற்றையும். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க தைரியம் வரவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன், அறைவாள் என்று நினைத்தேன். "டாக்டர் சொன்ன மாரியே இன்னொரு தரம் சொல்லு" என்றாள். சொன்னேன். "எத்தினி நாளு?" என்றாள்.

"முப்பத்தாறு நாள்கா."

"முப்பத்தாறு நாளும் அவருக்கு உப்பு உப்பா கருவாட்டுக் கொழம்பும் ஊறுகாயுமா போட்டுகினு இருந்தேன்டா. கேட்டுக் கேட்டு வாங்கி சாப்ட்டாரு. என் கையாலயே குடுத்திருக்கேன்." அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. இதற்கு என்ன பதில் சொல்ல மாமா? நீங்களாவது சொல்லுங்கள். அவளைக் காப்பாற்றுகிறோம் என்று இரண்டு பேரும் சேர்ந்து அவள் தலையில் எதைக் கட்டிவைத்தோம் பார்த்தீர்களா?

எவ்வளவு நேரம் போனது தெரியாது. கேம் அப்படியே நின்றிருந்தது, எங்கள் முறைக்காக. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"யாழினிக்கு தெரியக் கூடாது. பரீட்சைக்காகத்தான் தள்ளிப் போட்டாருன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவளும் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி வாயை மூடிக்கொண்டாள். பிறகு மவுஸை எடுத்து, செல்வியைப் பாலத்தைத் தாண்டி முன்னால் நகர்த்தினாள்.

ஜெயித்தோம் மாமா. நாலு பேர் ஊர் வந்து சேர்ந்தார்கள். வில்லுக்காரன் நான் வரவில்லை, ஊர்க்கோட்டை வாசலில் விழுந்துவிட்டேன். அக்கா அடிபட்டவர்களுக்கெல்லாம் கட்டு போட்டுக்கொண்டே போனாள். முடியும்போது செல்வி நாலாவது லெவல். அந்த ஊசிக்கு அப்போதுதான் நிறம் வந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

மறுநாள் யாழினியை வேலூரில் விட மூன்று பேரும் வேனில் போனோம். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. கண்ணமங்கலம் தாண்டினதும், "பாபு, வண்டிய ஓரமா நிறுத்து" என்றாள். இறங்கிப்போய்ப் பின்சீட்டில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவளே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, பரீட்சையையும் சேர்த்து.

யாழினி கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்தாள். "உனக்கு தெரியுமா பாபு மாமா?"

"தெரியும்மா."

"என்னக் கேட்டிருக்கலாமில்ல?" என்று என் சீட்டின் முதுகில் ஓங்கிக் குத்தினாள். "பரீட்ச வருஷா வருஷம் வருது மாமா. வருஷா வருஷம் வருது."

அக்கா அவளைத் தடுக்கவில்லை. பக்கத்தில் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தோம்.

ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மன்னித்தாளா என்று கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இதை அவளுக்கும், போனில் யாழினிக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இரண்டு பேருக்கும் உங்கள் மேல் கோபம் மாமா. எனக்கும்தான். நீங்கள் இருந்திருந்தால் நேரில் திட்டி, இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் டீ குடிக்க வந்திருப்போம்.

உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இன்னொன்று தருகிறேன், இதை உடைக்க மாட்டேன். எனக்கு ஒரு வலி என்றால், அன்றைக்கே, அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, தட்டை நகர்த்திவிட்டு முதலில் அவளிடம்தான் சொல்வேன்.

உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
உங்கள் மேல் கோபம் ஆறாத மச்சான்,
பாபு