அரைக் கோபுரத்து வீடு

துலூஸ்
1541, மார்ச் 4

அன்புள்ள கிரோவுக்கு,

கொலோம்ப் எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமாக இருப்பது படகுக்காரர்கள் சொல்லித்தான் தெரிகிறது. கட்டின மனைவிக்கு ஒரு வரி எழுத போர்தோவில் மை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நீங்கள் போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. நகரசபையில் இடம் பிடித்தவர்தான் கூரைக்கு மேலே கோபுரம் எழுப்பலாம் என்று ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் பொறுக்கவில்லை. தேர்தலுக்கு முன்பே கடைக்கால் தோண்டிச் சுவரும் எழுப்பினீர்கள். இடம் தவலானுக்குப் போனது. மறுவாரமே நீலச்சாய மூட்டைகளோடு படகேறிவிட்டீர்கள். முற்றத்தில் பாதியில் நிற்கும் அந்தச் செங்கல் மொட்டையோடு நான்தான் குடித்தனம் நடத்துகிறேன். இப்போது அதற்குள் வாத்து அடைக்கிறேன்.

கல்தச்சர் விதால் கேட்கிறார், "இடிக்கணுமா, முடிக்கணுமாம்மா?" என்ன சொல்லட்டும்?

உங்கள்
கொலோம்ப்

போர்தோ
1541, மார்ச் 22

அன்பு கொலோம்ப்,

இடித்துவிடு. நேற்று துறையில் நம் ஊர்க்காரன் ஒருவன், "என்ன கிரோ, கோபுரத்துல வாத்து முட்டை போடுதாமே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் தலைகாட்ட முடியவில்லை.

அந்த மொட்டை நிற்கிற வரைக்கும் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன். கோபம் உன் மேல் இல்லை, என் மேல்தான். அவரைக்கொட்டையும் வாத்தும் சேர்த்து நீ வேகவைப்பாயே, அந்த ருசி இங்கே யாருக்கும் கைவரவில்லை.

கிரோ

துலூஸ்
1541, செப்டம்பர் 30

அன்புள்ள கிரோவுக்கு,

இடிக்கவில்லை. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

"இந்தக் கடைக்கால் மேல கோட்டையே நிக்கும்மா, இதைப் போய் இடிப்பாங்களா?" என்றார் விதால். அதனால் உள்ளே கல்லில் சுழல்படி வைத்துவிட்டோம். கூரைக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்தி ஓடு போட்டாயிற்று, சபைக்காரர்கள் வாய் திறக்க வழியில்லை. சுவரில் ஜன்னல்கள் படியோடு சேர்ந்து சாய்வாக ஏறுகின்றன. ஓர் அறைக்குப் போக இன்னோர் அறைக்குள் நுழைகிற தொல்லை ஒழிந்தது. உச்சியில் எனக்கென்று ஒரு சின்ன அறை. அங்கிருந்து ஆறும் தெருவும் தெரியும். போர்தோ படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தவலானின் மனைவி நான்கு தடவை வந்து ஏறிப் பார்த்துவிட்டாள். அவர்கள் கோபுரத்தில் இன்னமும் ஏணிதான். சிரித்த ஊர் இப்போது வரிசையில் நிற்கிறது.

ஒரு தப்பு நடந்துவிட்டது. படிவாசலுக்கு மேலே வீட்டுக்காரன், வீட்டுக்காரி முகங்களைச் செதுக்குவது வழக்கமாயிற்றே. உங்கள் முகம் எப்படி என்று விதால் கேட்ட அன்று நான் கோபத்தில் இருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூக்கு நீண்டுவிட்டது. காதும் கொஞ்சம் விரிந்துவிட்டது. திருத்த வேண்டுமென்றால் மூக்குக்குச் சொந்தக்காரர் நேரில் வரவேண்டுமாம். நவம்பர் பதினொன்று, மார்த்தேன் திருநாள் வரை சாரம் நிற்கும், அதற்குப் பிறகு பிரித்துவிடுவார்.

பார்க்க வருகிறவர்கள் உங்கள் முகத்தைக் காட்டி, "இவர் எங்கே?" என்கிறார்கள். நீங்கள் இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை, கிரோ. வரமாட்டீர்கள் என்றால் அதையாவது எழுதிவிடுங்கள்.

உங்கள்
கொலோம்ப்

நம் வீட்டு உச்சி அறை
1541, நவம்பர் 9, நண்பகல்

என் கொலோம்ப்,

நீ சந்தைக்குப் போயிருக்கிறாய் என்றார்கள். இந்தச் சீட்டை ஜன்னல் வழியே கீழே போடுகிறேன், விதால் வாசலில் வைத்துக்கொண்டு நிற்பார்.

வந்ததும் என்னைச் சாரத்தில் ஏற்றி, கல்முகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மூக்கை அளந்தார், காதை அளந்தார். பிறகு உளியைப் பைக்குள் போட்டுவிட்டு, "திருத்த ஒண்ணுமில்லீங்க. அம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார்.

கீழே நின்ற கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். உன் கல்முகத்தில்தான் தப்பு, அதில் துளிகூடக் கோபம் இல்லை.

படிகளைத் தடவிக்கொண்டே ஏறினேன். என் அவமானத்தை எடுத்து நீ வீடாக்கி வைத்திருக்கிறாய். உன் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாள் நீ பார்த்தாய், இன்றைக்கு நான் பார்க்கிறேன். அதோ, திருப்பத்தில் உன் கூடை தெரிகிறது.

கூடைக்குள் வாத்துதானே?

உன்
கிரோ